உறிஞ்சத் தெரியாதவள்

அந்தக் காப்பி நிறுவனத்தில் அவளை எல்லோரும் ‘ஈரப்பதம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பச்சைக் காப்பிக்கொட்டையில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று கருவியில் அளந்து சொல்வது அவள் வேலை. வேதியியல் படித்தவள். ஜன்னல் இல்லாத சின்ன அறையில் கருவியும் அவளும் மட்டும். இருவரில் கருவிக்குத்தான் பேச்சு அதிகம். வேலை முடிந்தால் அது ‘பீப்’ என்றாவது சொல்லும்.

எதிரே கண்ணாடிக் கதவு. கதவுக்கு அப்பால் ருசி மேசை. நான்கு பேர் அதைச் சுற்றி வருவார்கள். கிண்ணத்துக்குக் கிண்ணம் கரண்டியைப் போட்டு, காப்பியை உறிஞ்சி, துப்பி, மதிப்பெண் போடுவார்கள். எந்தச் சரக்கை வாங்குவது, எதை எந்தப் பதத்துக்கு வறுப்பது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். வேலைக்கு வந்த நாளிலிருந்தே அவளுக்கு அந்த மேசை மேல் ஒரு கண். நால்வரில் ஒருவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனதும், யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள், நேராகத் தலைமை ருசியாளரிடம் போய் அந்த இடத்தைக் கேட்டுவிட்டாள்.

தலைமை ருசியாளருக்கு ‘மூக்கு சார்’ என்று பெயர். காரணம் முகத்திலேயே இருந்தது.

“பேசினது நீதானா? மெஷின் ஏதோ சொல்லுதுன்னு நெனச்சேன்” என்றார். ஆனால் மறுநாளே நான்கு கோப்பைகளை வரிசையாக வைத்தார். நான்கும் பால் சேர்க்காத காப்பி. “ஒரே கொட்டைதான். நாலு விதமாப் போட்டிருக்கேன். எது எப்படிப் போட்டதுன்னு சொல்லு பார்ப்போம்.”

அவள் ஒவ்வொன்றிலும் இரண்டு மிடறு குடித்தாள்.

“இது பிரெஞ்ச் பிரஸ் சார். தூளை ஊறவிட்டு, சல்லடையால அமுக்கி இறக்கினது. அடியில மண்டி நிக்குது, நாக்குல எண்ணெய் ஒட்டுது. ரெண்டாவது தாள்ல வடிச்சது. எண்ணெயைத் தாளே குடிச்சிடுச்சு, அதான் இவ்வளவு தெளிவு. மூணாவது எஸ்பிரெசோ, வெந்நீர் ஊத்தி நீட்டினது.”

“அமெரிக்கானோ. நாலாவது?”

“புளிப்பே காணோம். பச்சைத் தண்ணியில ராத்திரி பூரா ஊறவெச்சது. ஆனா சூடா இருக்கே.”

“உன்னை ஏமாத்தத்தான் சூடு பண்ணினேன்.” ஏமாறாதது அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். “நாக்கு இருக்கும்மா உனக்கு. சத்தம்தான் இல்லை. ஏன் இப்படிக் குடிக்கிறே? பக்கத்துல குழந்தை தூங்குதா?”

ருசி மேசையில் குடிக்கிற விதமே வேறு. கரண்டியை உதட்டில் வைத்து, காற்றோடு சேர்த்து, ‘சர்ர்’ரென்று ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். காப்பி சாரலாகத் தெறித்து வாய் முழுக்கப் பரவும். வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். மூக்கு சார் ஒருமுறை செய்து காட்டினார். கண்ணாடிக் கதவு அதிர்ந்த மாதிரி இருந்தது.

அவளும் கரண்டியை எடுத்தாள். வாய் அருகே கொண்டுபோனாள். காது சிவந்தது. மெதுவாக, ஒரு சொட்டுச் சத்தம் இல்லாமல் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“வெள்ளிக்கிழமை மேசைக்கு வா” என்றார் அவர். “அதுக்குள்ள கத்துக்கோ. இல்லேன்னா திங்கக்கிழமை இந்த இடத்துக்கு வெளியிலேர்ந்து ஒருத்தர் வர்றார். அவர் சத்தமாக் குடிப்பார்னு கேள்வி.”

அவள் அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு அறையில் தும்மினால் அடுத்த அறையில் கேட்கும் வீடு. சின்ன வயதில், உறிஞ்சிக் குடித்தால் அம்மா உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைப்பாள். அம்மாவின் கை இப்போது அக்காவுக்கு வந்திருந்தது. அத்தான் மட்டும் எந்தக் குட்டுக்கும் அடங்காதவர். குழாய் வேலை செய்கிறவர். காலையில் அவர் காப்பி குடிக்கிற சத்தத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுந்திருக்கிறார்கள் என்பது அக்காவின் கட்சி.

“இத்தனை வருஷமா நான் செய்யற காரியத்துக்கு ஆபீஸ்ல சம்பளம் கொடுக்கறாங்களா?” விஷயத்தைக் கேட்டதும் அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பார்த்தியா, உங்கக்கா என் அருமை தெரியாம திட்டிட்டிருக்கா.”

“இது உங்க இன்ஸ்டன்ட் தூள் இல்லை அத்தான்.”

“எல்லாம் ஒரே கொட்டை, ஒரே தண்ணி. பேரு மட்டும் இருபது வெச்சிருக்கீங்க.”

“பேருக்கு இல்லை. தண்ணி தூளுக்குள்ள எப்படிப் போகுதுங்கறதுதான் வித்தியாசம். எஸ்பிரெசோன்னா வெந்நீரை அழுத்தத்துல தள்ளணும்…”

“அழுத்தமா? அப்ப அது என் டிபார்ட்மென்ட்.” விரலை மடக்கினார். “எஸ்பிரெசோ, மோட்டார் லைன். தாள்ல வடியறது, மேல்தொட்டி லைன். தானா இறங்கும், நாம வேடிக்கை பார்க்கணும். இன்னொண்ணு சொன்னியே, அமுக்கறது?”

“பிரெஞ்ச் பிரஸ்.”

“அடைச்ச சிங்க். சரி, கப்புச்சினோவுக்கும் லாட்டேக்கும் என்ன சண்டை?”

“ரெண்டும் எஸ்பிரெசோவுல பால் ஊத்தினதுதான். கப்புச்சினோல நுரை அதிகம். லாட்டேல பால் அதிகம், நுரை மேல மெல்லிசா இருக்கும்.”

“அப்ப லாட்டேதான் நியாயமான ஆளு. மத்தது காத்தை வித்துக் காசு பாக்குது.”

அவள் படித்துத் தெரிந்துகொண்டதையெல்லாம் அத்தான் ஒரு தம்ளர் காப்பி ஆறுவதற்குள் குழாய்க் கணக்கில் முடித்துவிட்டார். தப்பென்று சொல்லவும் அவளுக்கு வழியில்லை.

பிறகு அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துப் பயிற்சி செய்தாள். முதல் இழுப்பில் புரையேறியது. இரண்டாவதில் ‘ப்ளக்’ என்று ஏதோ வந்தது. கதவு தட்டப்பட்டது.

“பாதி அடைப்பு” என்றது அத்தானின் குரல். “இந்தச் சத்தம் எனக்கு நல்லாத் தெரியும். உள்ள முடி சிக்கியிருக்கும்.”

“அவளை விடுங்களேன்” என்று அக்கா சமையலறையிலிருந்து சொன்னாள். கொஞ்சம் பொறுத்து, “குட்டி, அதென்னடி நாகரிகமில்லாத சத்தம்?” என்றும் சொன்னாள்.

அத்தோடு பயிற்சி நின்றது. ஆனால் அவள் யோசிப்பதை நிறுத்தவில்லை. தேவை சத்தமா? இல்லையே, மூக்குக்குள் வாசனை ஏற வேண்டும், அவ்வளவுதானே. காப்பியை வாயில் நிறுத்தி, உதட்டை மூடிக்கொண்டு மூச்சை மூக்கு வழியாக விட்டால்? செய்து பார்த்தாள். ஏறியது. கருகல், எலுமிச்சைத் தோல், லேசான இனிப்பு, எல்லாமே வந்தன. சத்தம் என்பது கிழவர்களின் வீம்பு என்று முடிவு செய்து, வெள்ளிக்கிழமை தைரியமாகக் கிளம்பினாள்.

மேசையில் மூன்று சரக்குகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கிண்ணம். ஒரே காப்பிக்கு எதற்கு ஐந்து என்றால், நூறு நல்ல கொட்டைக்கு நடுவே ஒரு கெட்ட கொட்டை இருந்தால், அது ஏதாவது ஒரு கிண்ணத்தில் மாட்டிக்கொள்ளும். வடிகட்டி, தாள் எதுவும் கிடையாது. தூள்மேல் வெந்நீர், மேலே கட்டும் ஏட்டைக் கரண்டியால் உடைத்து ஒதுக்கினால் காப்பி தயார். எந்த விதமாகப் போடப் போகிற காப்பியும் முதலில் இப்படி அம்மணமாக நின்றாக வேண்டும்.

முன்னால் மூக்கு சார். அடுத்து அவள். அவளுக்குப் பின்னால் வறுவல் அண்ணன். கொட்டை வறுக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவர். கடைசியில் கொள்முதல் அக்கா. சரக்கைத் தேடிப்பிடித்து வரவழைப்பது இந்த அக்காதான் என்பதால் எந்தக் கிண்ணத்தைப் பார்த்தாலும் பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பாள்.

மூக்கு சார் உறிஞ்சினார், நகர்ந்தார். அவள் தன் வழியில் சத்தமின்றிக் குடித்து, மூச்சை விட்டு, துப்பி, எழுதி, நகர்ந்தாள். தனக்கே திருப்தியாக இருந்தது. இரண்டாவது சரக்கின் பாதியில் திரும்பிப் பார்த்தபோதுதான், வறுவல் அண்ணன் இன்னும் முதல் சரக்கிலேயே குனிந்து நிற்பது தெரிந்தது. அவருக்குப் பின்னால் கொள்முதல் அக்கா கரண்டியைப் பிடித்தபடி கொட்டாவி விட்டாள்.

“என்னண்ணே, ஏன் நிக்கறீங்க?”

“நீ குடிச்சா நகரலாம்னு நிக்கறேன்.”

“நான் குடிச்சிட்டேனே.”

“எப்போ?”

எல்லோரும் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே சுற்றுகிறவர்கள். முன்னால் இருப்பவர் உறிஞ்சும் சத்தம் கேட்டால்தான் பின்னால் இருப்பவர் கரண்டியைத் தூக்குவார். வறுவல் அண்ணன் காது கொடுத்துக் காத்திருக்க, கிண்ணங்கள் ஆறிப்போயிருந்தன. மூக்கு சார் சூடாகக் குடித்துக் கொடுத்த மதிப்பெண்ணுக்கும், பின்னால் இருவரும் ஆறிய பிறகு குடித்துக் கொடுத்ததற்கும் சம்பந்தமே இல்லை. மூக்கு சார் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ரெண்டு வேற காப்பியைப் பத்தி எழுதின மாதிரி இருக்கு” என்றார். பிறகு அவளைப் பார்த்தார். “சத்தம் உன் நாக்குக்கு மட்டும் இல்லம்மா. பின்னாடி வர்றவனுக்கு மணியடிக்கறதும் அதுதான். இங்க தனியாக் குடிக்க முடியாது.”

அவளுக்கு ஜன்னல் இல்லாத அறைக்கு ஓடிவிட வேண்டும் போல இருந்தது. தன் வழி சரி என்பதற்கான காரணங்கள் தொண்டை வரை வந்து நின்றன. பிறகு, சரியில்லை என்பதும் தெரிந்தது.

“புதுசா ஊத்தறேன்” என்றார் மூக்கு சார். “இதான் கடைசி. நீ உறிஞ்சறது என் காதுக்குக் கேக்கணும். கேக்கலைன்னா திங்கக்கிழமை வர்றவருக்குத்தான் இடம்.”

மறுபடி பதினைந்து கிண்ணங்கள். முதல் சரக்கில் அவள் எப்படியோ ‘ஸ்ஸ்’ என்று ஒன்றை வரவழைத்தாள்.

“கொசுவா?” என்றார் வறுவல் அண்ணன், நகர்ந்தபடியே.

“கேட்டுச்சில்ல? நகருங்க” என்றாள் கொள்முதல் அக்கா.

மூக்கு சாரின் புருவம் சொன்னது: போதாது.

இரண்டாவது சரக்கு. நான்காவது கிண்ணத்தில் அந்தக் கொசுச் சத்தத்தோடு குடித்தவள் நின்றாள். ஏதோ ஒன்று. நனைந்து காய்ந்த சாக்கின் வாடை போல, நுனியில் தொட்டுவிட்டு ஓடியது. மறுபடி கரண்டியைப் போட்டாள். மூச்சை மூக்கு வழியாக விட்டுப் பார்த்தாள். இருந்ததா, இல்லையா? பிடிபடவில்லை. கரண்டி நிறைய எடுத்து, காற்றையும் காப்பியையும் சேர்த்து இழுத்தாள்.

ஒரு பெரிய குழாயில் அடைப்பு விட்டுத் தண்ணீர் மொத்தமும் இறங்கியது போல ஒரு சத்தம் எழுந்தது. பாதிக் காப்பி அவள் மேலங்கியில் தெறித்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. துப்பிவிட்டுப் பக்கத்துக் கிண்ணத்தை இழுத்தாள். அதில் இல்லை. முந்தைய கிண்ணம்; அதிலும் இல்லை. திரும்ப நான்காவது. இந்தத் தடவை இன்னும் நீளமாக, முடிவில் ஒரு விசிலோடு.

நிமிர்ந்தபோது மூன்று பேரும் கரண்டியைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இந்தக் கிண்ணத்துல மட்டும் பூசண வாடை” என்றாள். குரல் பழையபடி சின்னதாகிவிட்டது.

“அதெப்படி?” கொள்முதல் அக்கா முன்னால் வந்தாள். “இந்தச் சரக்குக்கு ஈரம் பார்த்து, சரியா இருக்குன்னு சொன்னதே நீதானேம்மா.”

“ஆமாக்கா. நான்தான். ஆனா மெஷின் மொத்தத்துக்கும் சேர்த்துத்தான் சொல்லும். ஏதோ ஒரு கொட்டை கெட்டிருந்தா அதுக்குத் தெரியாது.”

மூக்கு சார் வந்து உறிஞ்சினார். கண்ணை மூடினார். பக்கத்துக் கிண்ணத்தில் உறிஞ்சினார். திரும்ப வந்தார். கொள்முதல் அக்கா பரீட்சை முடிவுக்கு நிற்பவளைப் போல நின்றாள்.

“இருக்கு. லேசா இருக்கு. நான் முதல்ல தாண்டிப் போயிட்டேன்” என்றார். “சரக்கை நிறுத்தி வைக்கணும். இன்னும் நாலு மூட்டையைப் பிரிச்சுப் பார்த்துட்டுப் பேசலாம்.”

“வித்தவன்கிட்ட இனி நான்தானே மல்லுக்கட்டணும்” என்று முனகினாள் கொள்முதல் அக்கா. ஆனால் அவளும் குடித்துப் பார்த்தாள். அதற்கு மேல் முனகவில்லை.

மூக்கு சார் இப்போதுதான் அவள் மேலங்கியைப் பார்த்தார். “இவ்வளவு சத்தத்தை இத்தனை நாளா எங்கம்மா வெச்சிருந்தே?”

அப்போதுதான் அவளுக்குக் காது சூடாயிற்று. குனிந்துகொண்டாள்.

“திங்கக்கிழமை வர்றவரை வர வேணாம்னு சொல்லிடறேன்” என்றார் அவர். “ஆனா ஒண்ணு. எனக்குப் பின்னாடி நிக்காதே, இருக்கிற காதாவது மிஞ்சட்டும். நீ முன்னாடி போ.”

மூன்றாவது சரக்கு ஆறிக்கொண்டிருந்தது. அவள் கரண்டியை வெந்நீரில் அலசிக்கொண்டு முதல் கிண்ணத்தின் முன்னால் போய் நின்றாள். பின்னால் மூன்று பேர், தலையைக் குனிந்து, காதைக் கொடுத்துக் காத்திருந்தார்கள்.

“சீக்கிரம் தாயி” என்றார் வறுவல் அண்ணன். “மணி அடிச்சாத்தானே நாங்க கிளம்ப முடியும்?”