விலக்கு மன்றத்தில் ஒரு புகழுரை

தேம்சு ஆற்றின் வடபால், உறைபனி போர்த்த ஓட்டுக்கூரைகள் வெயில் காணாது வெளிறிக் கிடக்க, புடவைக் கடைகளும் நகைக் கடைகளும் தம் கதவுகளைச் சோம்பலுடன் உயர்த்த, ஈஸ்ட் ஹாம் நெடுந்தெருவை அதிரச்செய்து தொடருந்து கடந்துபோன ஒரு தைத்திங்கட் காலையிலே, சொற்சுவை அறிந்த வாசகரே, நம் தமிழர் சிலர் திருமணத்திற்குச் செல்வார்போல் உடுத்திக்கொண்டு போர்ப்பணி விலக்கு மன்றத்தின் படியேறினர். கடலுக்கப்பால் மூண்ட போர் ஓயாமையால் ஆடவர்க்கெல்லாம் படையழைப்பு ஓலை வந்துகொண்டிருந்தது. வீடுகளைச் சூடாக்கும் கொதிகலன்களைப் பழுதுபார்க்கும் யனுஷனுக்கும் வந்துவிட்டது.

அத்தொழில் அறிந்த ஏனையோர் முன்பே படைக்குப் போய்விட்டமையால், அவனும் போனால் அத்தெருக்களின் முதியோரும் குழந்தைகளும் குளிரில் விறைப்பது திண்ணம். ஊருக்கு இன்றியமையாத தொழிலாளர்க்கு விலக்கு உண்டென்று சட்டமும் சொல்லிற்று. அவன் மனைவி றொசாந்தி நிறைசூலி. வன்னிப் போரில் தந்தையைப் பறிகொடுத்த அவள், கணவனை இன்னொரு போருக்குக் கொடுக்க அஞ்சி நடுங்கினாள். மன்றத்தில் பேச ஒப்புக்கொண்டிருந்த ஊர்ச்சங்கத் தலைவர் இராஜேந்திரனைப் படியிலேயே மறித்தாள்.

"அண்ணை, இவர் பொயிலர் திருத்திறவர், இவரை விட்டால் இஞ்சை ஆளில்லை. அதை மட்டும் சொல்லுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்."

"ஓம் பிள்ளை, யோசியாதை. நான் பாத்துக்கொள்ளுறன்."

இராஜேந்திரனோ சங்க மேடைகளில் பொன்னாடை போர்த்திப் போர்த்தியே நரைத்தவர். எதிரே நான்குபேர் அமர்ந்துவிட்டால் அவர் நாவில் புகழுரை தானே ஊறும். குளிரையும் முதியோரையும் அவர் எடுத்துரைத்தபோது மன்றத் தலைவி தலையசைத்து, ஒப்பமிட எழுதுகோலைக் கையிலெடுத்தார். அந்தோ, அந்நொடியே இராஜேந்திரன் அமர்ந்திருக்கலாகாதா! அமரவில்லை. இவன் வெறும் கொதிகலன் வினைஞன் அல்லன் என்றார். வன்னியில் எறிகணை மழையிடையே மருத்துவமனையின் மின்பிறப்பாக்கியை அணையாமற் காத்த தீரன் என்றார். காரிருளில் கைத்தடவலாலேயே எப்பொறியையும் உயிர்ப்பிப்பான், அச்சம் அறியான் என்று முழங்கி, பையிலிருந்து பொன்னாடையை உருவி அவன் தோளிற் போர்த்தினார். வந்தவர்கள் வழக்கம்போலக் கைதட்டினர்.

தலைவி எழுதுகோலைக் கீழே வைத்தார். "இத்தகைய ஒருவரையே போர்முனை தேடுகிறது. பொறிவினைஞர் அணியில் இவர் சேரவேண்டும், விலக்கு இல்லை" என்று மிகுந்த மதிப்போடு உரைத்தார். தட்டிய கைகள் பாதியில் நின்றன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் அஞ்சினர். இராஜேந்திரன் றொசாந்தியின் பக்கம் திரும்பினார்.

"நான் நல்லதைத்தானே சொன்னனான், பிள்ளை..."

"ஓம் அண்ணை. எல்லாம் நல்லதாத்தான் சொன்னியள்."

அவள் அழவில்லை. யனுஷன் தோளிற் பட்டுடன் நின்றான். அதைக் களையவும் அவனுக்குத் தோன்றவில்லை. வாசகரே, ஒருவனைக் காக்கவேண்டிய இடத்தில் அவனைச் சிறியவனாகக் காட்டவும் அன்புக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். நம்மவர் அன்போ மாலையிட மட்டுமே பழகியிருந்தது.