உறைந்த படத்துக்கும் பாஸ்

ரொடோப்பி மலையின் கடைசி ஊரில் காரை நிறுத்திவிட்டு, ஃபோன் கம்பெனிக்காக சிக்னல் சோதிக்க வந்த நெவ்யானா மடிக்கணினியை முறைத்தாள். காரின் கூரைப் பெட்டிக்குள் இருந்த சோதனை ஃபோன்கள் காலையிலிருந்து ஒன்றையொன்று வீடியோவில் அழைத்துக்கொண்டிருந்தன. திரையெல்லாம் பச்சை. இரண்டு நிமிடம் லைன் அறுபடாவிட்டால் பாஸ். படம் கல்லாய் உறைந்து கிடந்தாலும் பாஸ்தான். எந்தப் புண்ணியவான் வகுத்த விதியோ! ஊர் பாஸானால் புது டவர் கிடையாது.

எதிர்வீட்டு ஸ்தமேனா சுடச்சுட பனிட்சா என்ற சீஸ் ரொட்டித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். அவளுக்குக் காது கேட்காது, பேச்செல்லாம் கையால்தான். ஜெர்மனியில் இருக்கும் மகளுக்கு இது நிறைமாதம். காலையில் திரையில் மகளின் கை பாதியில் நின்றுபோக, ஸ்தமேனா ஃபோனைத் தூக்கிக்கொண்டு பெஞ்சின்மேல் ஏறி நின்றதை நெவ்யானா பார்த்திருந்தாள்.

தலைநகர் சோபியாவிலிருந்து காலின் என்ற அவளுடைய மேலாளர் அழைத்தார்.

"என்னம்மா, ரிப்போர்ட் எங்க?"

"படம் நின்னு நின்னு போகுது சார். காது கேட்காத ஒரு அம்மா இங்க மகளோட கையால பேச முடியாம தவிக்கிறாங்க. ஃபெயில்னு போடப்போறேன்."

"லைன் கட்டாச்சா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? ஒரு பொம்பளைக்காக மலையில டவர் நடுவாங்களா? பாஸ்னு போடு. வேலை வேணுமா வேணாமா?"

"இருங்க, வீடியோல வரேன்."

அவர் எடுத்ததும் நெவ்யானா தன் மைக்கை அணைத்தாள்.

"சொல்லு, பாஸ்னு போடுறியா?"

அவள் மோவாயை வெடுக்கென்று மேலே தூக்கினாள். அந்த நாட்டில் அதற்கு 'மாட்டேன்' என்று பொருள்.

"என்ன பொம்மை மாதிரி நிக்கிற? வாயைத் திறந்து சொல்லேன்!"

மறுபடி தூக்கினாள். அவர் கத்தினார். இவள் தூக்கிக்கொண்டே இருந்தாள். விஷயம் புரிந்துபோய் ஸ்தமேனா வாய்விட்டுச் சிரித்தாள்.

இரண்டு நிமிடம் ஆனதும் நெவ்யானா மைக்கைப் போட்டாள்.

"லைன் கட்டாகலையே சார், பாஸ்தானே? நான் என்ன சொன்னேன்னு சொல்லுங்க பாப்போம்."

"அது... படம்தான் நின்னுபோச்சே..."

"மாட்டேன்னு சொன்னேன். இவ்வளவு நேரமும் அதையேதான் சொன்னேன்."

ஃபெயில் என்று அடித்து, தன் பெயரையும் போட்டு அனுப்பினாள். வேலை போனால் போகட்டும்.

பிறகு ஸ்தமேனாவை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு, சிக்னல் நன்றாகக் கிடைக்கும் கணவாய்க்கு வண்டியை விட்டாள். அங்கே மகளின் கைகள் தங்குதடையின்றி ஓடின. ஸ்தமேனாவின் கைகளும் ஓடின. அந்தப் பேச்சில் நெவ்யானாவுக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் நடுவில் ஸ்தமேனா இவளைச் சுட்டிக்காட்டி, மோவாயை வெடுக்கென்று மேலே தூக்கிக் காட்டினாள்.

ஜெர்மனியில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.