கடைசியாக வந்தவள்

காஜா தைப்பவளின் கடைசி மகள் வீட்டுக்கு வந்தபோது மகளுக்கு வயது ஐம்பது. தாய்க்கும் ஐம்பதுதான். அதில் புதிதாக ஒன்றுமில்லை. தாய் பெரியவளான நாளிலிருந்தே மாதம் ஒரு மகள் வந்துகொண்டிருந்தாள். பதின்மூன்றில் வந்தவளுக்குப் பதின்மூன்று வயது, முப்பதில் வந்தவளுக்கு முப்பது. தாய் பிறக்கும்போதே கூடப் பிறந்து, தங்கள் முறை வரும்வரை அவள் வயிற்றுக்குள்ளே காத்திருந்தவர்கள் என்பதால் வயது பிசகவே இல்லை. வந்தவள் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். தாய்க்கு மாதவிலக்கு வந்ததும் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவாள். தாயின் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய் நின்றே போயிருந்தது. காஜா தைப்பவள் எவளிடமும் பேச்சுக் கொடுத்ததில்லை. தையற்கூடத்தில் பொத்தான் துளை தைக்க வேண்டிய சட்டைகள் குவிந்து கிடந்தன. அடுத்த மாதம் இன்னொருத்தி வரத்தானே போகிறாள் என்ற அலட்சியமும் இருந்தது. கீழ்த்தளத்து வீட்டுக்காரம்மா மட்டும், "உன் வீட்ல விருந்தாளிக்குப் பஞ்சமே இல்ல" என்பாள்.

நாற்பத்தேழில் மாதம் தவறத் தொடங்கியது. உடம்பு திடீர் திடீரென்று கொதித்தது. மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே முதுகு நனைந்தது. அப்போது வந்த ஒருத்தி மூன்று மாதம் தங்கிவிட்டாள். காஜா தைப்பவள் ஆசைப்பட்டு அவளுக்கென்று ஒரு தலையணை வாங்கினாள். தன் கதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு காலையில் துணியில் கறை தெரிந்தது. பேச்சின் நடுவிலேயே மகள் எழுந்து போனாள். அதற்குப் பிறகு வந்த யாரையும் அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

ஆகவே ஐம்பதில், நரைத்த தலையோடு ஒருத்தி வந்து உட்கார்ந்தபோதும் அவள் வாய் திறக்கவில்லை. மாதங்கள் போயின; மாதவிலக்கு வரவில்லை, வந்தவளும் எழுந்து போகவில்லை. "விட்டதுடா சாமின்னு இரு. எனக்கு விட்டதுலேருந்துதான் பஸ்ல பயமில்லாம உக்கார்றேன்" என்று அண்ணி சிரித்தாள். டாக்டரம்மா, "முழுசா ஒரு வருஷம் வரலன்னாதான் நின்னுடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் குழந்தைக்கு வழியில்ல, தெரியும்ல?" என்றாள். தெரியும் என்றாள். அந்த வருடம் முழுக்க இருவரும் ஒரே அறையில் பேசாமல் இருந்தார்கள். தினமும் கண் விழித்ததும் அவள் முதலில் துணியைப் பார்த்தாள், பிறகு நாற்காலியை.

வருடம் முடிந்த காலையில், "சாப்பிடறியா?" என்று கேட்டாள். தன் குரலே அவளுக்கு வேறு யாருடையதோ போல இருந்தது.

"போடும்மா. எப்பதான் கேப்பியோன்னு உக்காந்திருக்கேன்."

அன்று மாலை இருவரும் படியிறங்கும்போது வீட்டுக்காரம்மா வழிமறித்தாள். "யாரு, அக்காவா?"

"மக."

வீட்டுக்காரம்மா இரண்டு நரைத்த தலைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "இனிமே இங்கேயேதானா?"

"ஆமா."

"அப்ப இன்னொரு சாவி வேணுமே" என்று தேடி எடுத்துவர உள்ளே போனாள்.