நாடிப் பூட்டு

குழாய் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் இயக்குநருக்கு ஒருநாள் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. உடனே அவர், தன் ஊழியர்கள் முந்நூறு பேரின் உடல்நலமும் கெட்டுக் கிடக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். மறுவாரமே ஆளுக்கொரு ஸ்மார்ட்வாட்ச் வந்துவிட்டது. யார் எத்தனை அடி நடந்தார், யார் நாடி எப்படித் துடித்தது என்று திங்கள்தோறும் லிஃப்ட் பக்கத்தில் பட்டியல் ஒட்டப்படும். அரையாண்டு முடிவில் பட்டியலின் அடியில் கிடக்கும் ஐந்து பேர், ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள கிடங்குக்கு மாற்றப்படுவார்கள். அங்கே லிஃப்ட் கிடையாது என்பதால் அவர்கள் உடம்பு தானாகத் தேறிவிடும் என்று சுற்றறிக்கை ஆறுதலும் சொன்னது.

புகார்ப் பிரிவின் தலைமை எழுத்தர் அதை இரண்டு முறை படித்தார். குழாய் ஒழுகுகிறது, குழாய் வெடித்தது, குழாய் வந்தது ஆனால் உள்ளே ஓட்டையே இல்லை என்று வரும் புகார்களுக்குப் பத்தொன்பது வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்பவர் அவர். அந்த நாற்காலியே அவர் உருவத்துக்குக் குழிந்து போயிருந்தது. மனைவிக்கு உள்ளூர் மருத்துவமனையில் நர்ஸ் வேலை. மகளுக்கு இது பொதுத்தேர்வு வருடம். கிடங்குக்குப் போனால் வாரத்துக்கு ஒருநாள்தான் வீட்டுச் சாப்பாடு, வீட்டுச் சண்டை.

முதல் பட்டியலில் அவருக்கு இருநூற்றுத் தொண்ணூற்றெட்டாவது இடம். அவருக்குக் கீழே இருந்த இருவரில் ஒருவர் கால் முறிந்து விடுப்பில் இருந்தார். இன்னொருவர் ஓய்வு பெற்றே இரண்டு மாதமாகியிருந்தது.

"கொஞ்சம் நடங்களேன்" என்றாள் மனைவி.

"எங்க நடக்கிறது?"

"எங்கயாவது. முதல்ல அந்த சோபாவ விட்டு எறங்குங்க, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

மறுநாள் அலுவலகத்துக்கு நடந்தே கிளம்பினார். இரண்டு தெரு தாண்டியதும் பேருந்தில் ஏறிவிட்டார். நெரிசலில் பிதுங்கி இறங்கிப் பார்த்தால் மணிக்கட்டில் வாட்ச் இல்லை, அது இருந்த வெளுத்த வட்டம்தான் இருந்தது.

இரண்டு நாள் முழுக்கைச் சட்டையில் ஓட்டினார். திங்களன்று பட்டியல் ஒட்டும் நலக்குழுவிடம் ஒப்புக்கொண்டுவிடுவது என்று மன்னிப்புக் கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். லிஃப்ட் பக்கத்தில் ஒரே கூட்டம். எல்லோரும் அவரையே திரும்பிப் பார்த்தார்கள். பட்டியலில் அவருக்கு நாற்பத்தொன்றாவது இடம்.

விஷயம் இதுதான். வாட்சை அடித்தவன் அதை விற்கவில்லை, பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டான். வாட்சும் யார் எவர் என்று ஒரு வார்த்தை கேட்காமல் அவன் கையில் ஓடியது. தொழில் காரணமாக அவனும் ஓடினான். சுவர் ஏறினான், பேருந்திலிருந்து குதித்தான், சந்து சந்தாகப் பாய்ந்தான். அத்தனையும் தலைமை எழுத்தரின் பெயரில் வரவு வைக்கப்பட்டது.

அவர் மன்னிப்புக் கடிதத்தை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

இரண்டாம் மாதம் அவர் ஏழாமிடம். மூன்றாம் மாதம் முதலிடம். நாடித்துடிப்பு ஐம்பத்தெட்டு. அந்த நிறுவனத்தில் அப்படியொரு நாடி யாருக்கும் இருந்ததில்லை. இயக்குநர் அவரை மேடைக்கு இழுத்துச் சால்வை போர்த்தினார்.

"எப்படிச் சாதிச்சீங்க? எல்லாருக்கும் சொல்லுங்க."

"நான் ஒண்ணும் பண்ணல சார்."

"கேட்டீங்களா? இதுக்குப் பேர்தான் தன்னடக்கம்!"

"நெசமாவே சார், நான் உக்காந்த எடத்த விட்டு அசையல."

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. முன்வரிசையில் ஒரு தட்டச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதற்கிடையில் இன்னும் மூன்று பேருடைய வாட்சுகள் காணாமல் போயின. ஸ்மார்ட்வாட்சுகளுக்கு இருக்கும் திருட்டுப் பாதுகாப்பு போதுமா என்று ஆராய இயக்குநர் கூட்டம் போட்டார். சாதாரணமாகப் பேசும்போது நன்றாகத்தான் பேசுவார். ஒலிபெருக்கியைக் கண்டால் கல்வெட்டாகிவிடுவார்.

"வாட்சின் உரிமையாளர் எவர்? வாங்கியவரா? அல்லர். கட்டியவரா? அவரும் அல்லர். எவருடைய இதயம் அதில் பதிந்திருக்கிறதோ, அவரே!"

அவர் கண்டுபிடித்திருந்தது நாடிப் பூட்டு. வாட்ச் கடந்த மூன்று மாதத்துத் துடிப்பைப் படித்துத் தன் உரிமையாளரை அடையாளம் காணும். அந்தக் கையிலிருந்து யாரும் பறிக்க முடியாதபடி உலோகப் பட்டை தானாகப் பூட்டிக்கொள்ளும். அறுத்தால் போலீசுக்குத் தகவல் போகும். உரிமையாளர் வேலை நேரத்தில் வேலைக்கு வராவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வாட்ச் அலறும். வாசல் கதவும் அந்த நாடிக்குத்தான் திறக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூட்டு, தான் படித்துவைத்த துடிப்புப் பாடத்தைப் புதுப்பித்துக்கொள்ளும்.

தலைமை எழுத்தர் மட்டும் எழுந்தார். "இவ்வளவு எதுக்கு சார்? திருட்டுப் போனா போகட்டுமே. எடுத்தவனும் பாவம், நாலு எட்டு நடந்துட்டுப் போறான்."

"முதலிடம் சும்மா வருவதில்லை" என்றார் இயக்குநர். "திருடனின் உடல்நலத்தையும் எண்ணும் இந்த உள்ளத்தையே திருட்டுத் தடுப்புக் குழுவுக்குத் தலைவராக நியமிக்கிறேன்."

ஆகவே நாடிப் பூட்டை அமல்படுத்தும் ஆணையில் கையெழுத்துப் போட்டது தலைமை எழுத்தர்தான்.

திங்கள் காலை வாசலில் காவலாளி மறித்தான்.

"வாட்சக் காட்டுங்க சார்."

"வீட்ல மறந்துட்டேன்பா."

"பரவால்ல, இந்தக் கண்ணாடில வெரல வைங்க."

வைத்தார். கண்ணாடி சிவந்தது. நாடி தொண்ணூற்றிரண்டு, தாங்கள் தலைமை எழுத்தர் அல்ல என்றது.

"நீங்க இல்லைன்னு சொல்லுது சார்."

"டேய், தினமும் எனக்கு வணக்கம் வைக்கிறது யாரு?"

"நான்தான் சார். நீங்கதான்னு எனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியலையே!" காவலாளி தலையைச் சொறிந்தான். "பார்வையாளர் அட்டை தரட்டுமா?"

அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கும்போதே ஒருவன் தலைதெறிக்க ஓடிவந்தான். ஒல்லியான ஆள், முப்பது வயதிருக்கும். அவன் மணிக்கட்டில் வாட்ச் அலறிக்கொண்டிருந்தது.

"யார்கிட்டய்யா சொல்றது? காலைலேர்ந்து கத்துது, கழட்டவும் முடியல. வேலைக்கு வா வேலைக்கு வான்னு உயிர வாங்குது!"

அவன் கையிலிருந்த வாட்ச் பட்டதும் கதவு திறந்தது. 'நல்வரவு, தலைமை எழுத்தரே' என்றது. வாட்ச் வாயை மூடிக்கொண்டது.

இயக்குநர் அறையில் பஞ்சாயத்து நடந்தது. மேசையின் ஒருபுறம் பார்வையாளர், மறுபுறம் திருடன்.

"சார், பத்தொன்பது வருஷமா என்னைத் தெரியும் உங்களுக்கு" என்றார் தலைமை எழுத்தர்.

"எனக்குத் தெரியறது வேற, பதிவு வேற. உங்க நாடி தொண்ணூத்திரெண்டு. எங்க தலைமை எழுத்தருக்கு ஐம்பத்தெட்டு. அந்த நாடிக்கு நானே சால்வை போட்டிருக்கேன்."

"சார், நான் திருடன் சார்" என்றான் மற்றவன். "பஸ்ஸுல இவர்கிட்டதான் அடிச்சேன். நானே சொல்றேனே!"

இயக்குநர் நெஞ்சில் கை வைத்தார். "அதே தன்னடக்கம்!"

"போலீசக் கூப்பிடுங்க சார்" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"கூப்பிடலாம். அவங்களும் வாட்சத்தான் கேப்பாங்க. பூட்டு தப்புன்னா அதுல கையெழுத்துப் போட்டவரையும் கேப்பாங்க." அவர் பார்வையாளரைப் பார்த்துப் புன்னகைத்தார். "மூணு மாசமா வாட்ச் எங்கன்னும் கேப்பாங்க."

தலைமை எழுத்தர் கழுத்திலிருந்த பார்வையாளர் அட்டையை நேராக்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து திருடன் குழிந்த நாற்காலியில் உட்கார்ந்தான். தலைமை எழுத்தர் எதிரே இருந்த பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து கோப்புகளைச் சொல்லிக்கொடுத்தார். சம்பளம் மட்டும் பழையபடி அவர் வங்கிக் கணக்குக்கே போனது. அந்த ஒரு விஷயத்தில் நிறுவனம் நாடி பார்க்கவில்லை.

தொலைபேசி அடித்தது. திருடன் எடுத்தான். எதிர்முனையில் ஒருவர், குளியலறையில் முழங்கால் தண்ணீர் நிற்பதாகத் தொடங்கி, அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டி முடித்தார். திருடன் ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டு திரும்பினான்.

"அண்ணே, அந்தக் குழாய நான் போடலையே!"

"தெரியும். வருந்துகிறோம்னு சொல்லு."

"செய்யாத தப்புக்கு இதுவரைக்கும் யாரும் என்னத் திட்டினதில்ல, அண்ணே. செஞ்ச தப்புக்குத்தான் திட்டியிருக்காங்க."

இரண்டாம் மாதம் அவனுக்குத் தொப்பை எட்டிப் பார்த்தது. மாலையில் தன் சொந்தத் தொழிலுக்குப் போக உடம்பில் தெம்பில்லை, போய்ப் படுத்துக்கொண்டான். நாடி எழுபது, எண்பது என்று ஏறி, மூன்றாம் மாத முடிவில் தொண்ணூற்றிரண்டில் வந்து நின்றது. அரையாண்டுப் பட்டியல் ஒட்டப்பட்டது. தலைமை எழுத்தர்: இருநூற்றுத் தொண்ணூற்றேழு. கிடங்குக்கு மாற்றல் ஆணை நாற்காலியைத் தேடி வந்தது.

திருடன் அதைப் படித்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்தான்.

"வீட்ல கைக்குழந்தை இருக்கு அண்ணே. பொண்டாட்டி தனியா என்ன பண்ணுவா? இன்னிக்குப் பூட்டு பாடத்தப் புதுப்பிச்சிருச்சு. உங்க நாடியும் என் நாடியும் இப்ப ஒண்ணு. கட்டினவன் வெரலுக்கு இது விடாது, நீங்க வெரல வச்சா தொறந்துக்கும்."

தலைமை எழுத்தர் கையைப் பையிலிருந்து எடுக்கவில்லை. விரலை வைத்தால் அவர் மறுபடி அவராகிவிடுவார். ஆனதும் பெட்டி கட்ட வேண்டும். வைக்காவிட்டால் இவன் போவான். அவர் பெயரே இல்லாமல், பார்வையாளராக, தினமும் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகலாம்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் நியாயம் கேட்டார். "திருட்டுப்பய. அனுபவிக்கட்டும். என்ன சொல்ற?"

"அதுசரி. அந்தச் சால்வைய என்ன பண்ணினீங்க?"

"எந்தச் சால்வை?"

"மூணு மாசம் அவன் ஓடினதுக்கு நீங்க வாங்கினது. பீரோல மடிச்சு வச்சிருக்கீங்களே." அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினாள். "நூத்தி நாலு. பொய் சொல்ற கை இப்படித்தான் அடிக்கும்."

"போனா வாரத்துக்கு ஒருநாள்தான் வர முடியும்."

"வாங்க. பேரோட வாங்க."

மறுநாள் அவர் பெஞ்சில் உட்காரவில்லை. நேராக நாற்காலிக்குப் போய், மூச்சை இழுத்துவிட்டு, வாட்சில் விரலை வைத்தார். சற்றே யோசித்துவிட்டுப் பட்டை கிளிக்கென்று கழன்றது. திருடன் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டான். கையெடுத்துக் கும்பிட்டான். பிறகு ஒரே ஓட்டமாக வாசலைத் தாண்டினான்.

ஞாயிற்றுக்கிழமை பேருந்து நிலையத்தில் பெட்டியை வைத்துக்கொண்டு தலைமை எழுத்தர் நின்றபோது, சிமெண்ட் பெஞ்சிலிருந்து அவன் எழுந்துவந்தான்.

"நீயா? தொழிலுக்கு வந்தியா?"

"வந்தேன் அண்ணே. ஒரு பர்ஸ எடுத்தேன், இருபதடி ஓடினேன், நெஞ்சு அடைச்சிருச்சு. பர்ஸுக்காரர்தான் உக்கார வச்சுத் தண்ணி குடுத்தார்." அவன் குரலைத் தாழ்த்தினான். "உங்க நாற்காலி இப்பக் காலிதானே? மனு யார்கிட்ட குடுக்கணும்?"

"வேற வேலையே கெடைக்கலையாடா உனக்கு?"

"வேற எதுவும் பழகலையே அண்ணே. முன் அனுபவச் சான்றிதழ் கேப்பாங்களாமே."

தலைமை எழுத்தர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மாற்றல் ஆணை வந்த உறையின் பின்பக்கத்தில், பெட்டியின் மேல் வைத்து எழுதினார்: இவர் புகார்ப் பிரிவில் என் இடத்தில் மூன்று மாதம் நேர்மையாகப் பணியாற்றினார். 'நேர்மையாக' என்ற சொல்லுக்கு மேல் பேனா சற்று நின்றது. ஓட்டுநர் வண்டியைக் கிளப்பிவிட்டு ஹாரன் அடித்தார். தலைமை எழுத்தர் அந்தச் சொல்லை அடிக்காமல், கீழே தன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவனிடம் நீட்டினார்.