மேலுதட்டில் ஒரு பெயர்

1.
இந்தக் கதையை எழுதவைத்தது என் மாமியார். பதினோரு வருஷமாக ஒரே முற்றம். அவர் முகத்தை நான் நேராகப் பார்த்ததில்லை. வனுவாட்டுவில் என் மனைவியின் தீவு முறை அது. மருமகன் மாமியாரை ஏறிட்டுப் பார்க்கக் கூடாது, நேராகப் பேசவும் கூடாது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: விடியலில் கடல் வெள்ளியாய்...

சீ, வேண்டாம். போட் எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு எதற்கு வெள்ளிக்கடல்?

2.
விஷயம் இதுதான். மூன்று மாத மகளுக்கு நாளை பெயர் வைக்கிறோம். கடலில் போய்த் திரும்பாத தன் தங்கையின் பெயரை மாமியார் தந்திருக்கிறார். தகப்பன் அதை ஊர் முன்னால் பிசகாமல் சொல்ல வேண்டும். பிசகினால் அந்தப் பெயர் பிள்ளைக்கு இல்லை. தாய்மாமன் வேறு வைப்பான்.

அதன் முதல் ஒலிக்கு நாக்கு நுனி மேலுதட்டைத் தொட வேண்டும்.* வேறு தீவிலிருந்து வந்த எனக்கு அது வரவில்லை.

"எஞ்சின் இருமினாலே என்ன கோளாறுன்னு சொல்ற ஆளு, பெத்த புள்ள பேரு வரலியா?" என்றாள் மனைவி லேய்வியா.

"நீ சொல்லிக் காட்டேன்."

வாயைத் திறந்தாள், சிரித்துவிட்டாள். ஊரில் யாரைக் கேட்டாலும் இதே கதைதான். சிரிக்கிற வாயில் நாக்கு எங்கே தெரியும்?

"கவலப்படாதீங்க மச்சான், எலிசான்னு வச்சிடுறேன்," என்றான் மைத்துனன் தோமன்.

மாமியார் அந்தத் தங்கையை இன்னொரு முறை இழக்கவா?

(* பல்லை அல்ல, உதட்டை. நானும் முதலில் பல்லென்றுதான் நினைத்தேன்.)

3.
[இங்கே மாமியார் அழுவதாக எழுதி அடித்துவிட்டேன். அவர் அழுகிற ஆள் இல்லை.]

நடந்தது: சாயங்காலம் குழந்தையை மடியில் வைத்திருந்தேன். மாமியார் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, தோளுக்கு மேலாகக் குனிந்து அவளிடம் பேசினார்.

"உங்கப்பன் சும்மா உறுமுறான். நீ சொல்லுடி என் தங்கமே."

பெயரைச் சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். நான் தலையைத் தூக்கவில்லை. குழந்தை அவர் வாயையே பார்த்தது; மெல்ல நாக்கை நீட்டி மேலுதட்டில் ஒட்டியது. நானும் ஒட்டினேன். அடடா, அவ்வளவு சந்தோஷம்!

வேண்டுமென்றே செய்தாரா? கதை எழுதுகிறவனாக எனக்கு அது தெரிந்தாக வேண்டும். மருமகனாகக் கேட்க வழியில்லை.

4.
முடிவு அ: சரியாகச் சொன்னேன், பன்றி வெட்டினார்கள்.
முடிவு ஆ: எலிசா.

இரண்டையும் கிழித்துவிட்டேன். ஊர் கூடிவிட்டது, குழந்தை என் கையில். பின்னால் மாமியார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குக் கேட்கிறது. நீங்களும் நாக்கை மேலுதட்டில் வையுங்கள். நான் வாயைத் திறக்கப்போகிறேன்.