ஒற்றி எடுத்த களிம்பு

அன்று தோல் மருத்துவரின் அறையில் இருந்தவர்கள் இவர்கள்தாம்: மருத்துவர், அவருடைய நர்ஸம்மா, சலவைக்கடை முதலாளி, கடையின் இஸ்திரி மேசையை ஆளும் அவருடைய மூத்த மகள், வீட்டு மருமகள், அவள் மடியில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எதைக் கேட்டதாகச் சொன்னாலும் அது கணக்கில் சேராது.

குழந்தைக்குக் கரப்பான். முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறமும் தோல் சிவந்து, சொறிந்து சொறிந்து நீர் கசிந்தது. மருத்துவர் போன தடவை சொன்னது எளிதான காரியம். குளிப்பாட்டியதும் உடம்பெல்லாம் ஈரப்பசைக் களிம்பு, சிவந்த இடங்களில் மட்டும் மருந்துக் களிம்பு. பூசியபின் துடைக்காமல் அப்படியே விட வேண்டும்.

ஆனால் அந்த வீடு சலவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. துணியில் எண்ணெய்க் கறை என்றால் அங்கே இழவு விழுந்த மாதிரி. குழந்தையின் சட்டையில் பிசுக்கைக் கண்ட அன்றே நாத்தனார் வெள்ளைத் துணியோடு வந்துவிட்டாள்.

"ஊரார் கறையை எடுக்கிற வீடு இது. நம்ம பிள்ளையே எண்ணெய்ச் சட்டி மாதிரி நின்னா நம்மகிட்ட யாரு துணி போடுவா?"

பூசிய கையோடு ஒற்றி எடுத்தாள். முரட்டுத்தனம் கிடையாது. பட்டில் கறை எடுக்கிற அதே பதம்.

"அண்ணி, டாக்டர் அப்படியே விடச் சொன்னாரு."

"உள்ளே போறது அப்பவே போயிருக்கும். மேலே நிக்கிறது வெறும் பிசுக்கு. பிசுக்கைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா?"

கணவனிடம் சொன்னதற்கு, "அக்காகிட்ட யாரு வாயைக் கொடுக்கிறது?" என்று டெலிவரி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

குழந்தையைக் கடைக்குக் கொண்டுவரக் கூடாது என்பது மாமனார் உத்தரவு. வாடிக்கையாளர்கள் ஒட்டுவியாதி என்று நினைத்துவிடுவார்களாம். ஆகவே தாயும் பிள்ளையும் மாடியில் ஒற்றை அறையில் கிடந்தார்கள். கீழே இஸ்திரி நீராவி. மேலே தரை சுட்டது. ஜன்னலைத் திறந்தால் தெரு பார்க்கும், மூடினால் வெக்கை தின்னும். சொறியாமலிருக்கப் பிள்ளையின் இரண்டு கைகளையும் தன் கைக்குள் பிடித்துக்கொண்டே பொழுதைக் கழித்தாள்.

"நான் சொன்ன மாதிரியே தினமும் போடுறீங்களாம்மா?" என்று மருத்துவர் கேட்டார்.

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாத்தனார் மின்விசிறியைப் பார்த்தாள்.

"போடறேன் டாக்டர்."

பொய் இல்லை. போட்டபின் யார் துடைக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை.

"அப்படியும் கேட்கலைன்னா உள்ளுக்குக் கொடுக்கிற மருந்துக்குத்தான் போகணும். வீரியமானது. அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கணும்."

பேனா மூடியைத் திறந்தார். மருமகள் குழந்தையின் மெலிந்த கையைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் அந்நியர் முன்னால் குடும்ப மானம் போகும். பிறகு அந்த மாடியில் அவள் எந்த முகத்தோடு குடியிருப்பது? திறக்காவிட்டால் இந்தக் கையில் ஊசி இறங்கும்.

"எழுதறதுக்கு முன்னால ஒரு தடவை பாத்துடலாமே டாக்டர்," என்றாள் நர்ஸம்மா. "இங்கேயே போட்டுக் காட்டுங்கம்மா."

மருமகள் பூசினாள். அளவும் சரி, இடமும் சரி. பூசிவிட்டுச் சட்டைக் கையை இறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை.

"பிசுபிசுன்னு இப்படியே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகப் போறியா?"

கைப்பையிலிருந்து மடித்த வெள்ளைத் துணி வெளியே வந்தது. இரண்டே ஒற்று. "பாருங்க டாக்டர், ஒரு பொட்டு இல்லை."

நர்ஸம்மா அந்தத் துணியை இரண்டு விரலால் வாங்கி விரித்துப் பார்த்தாள்.

"மருந்தெல்லாம் இங்கே இருக்கு. துணிக்குக் கரப்பான் வந்திருந்தா இந்நேரம் குணமாயிருக்கும்."

"எங்க வீட்டுப் பிள்ளை அழுக்கா நிக்கக் கூடாதுன்னு செஞ்சது," என்றார் மாமனார்.

"கொஞ்ச நாள் பிசுக்கா இருக்கட்டும் பெரியவரே, ஆறிடும்." மருத்துவர் பேனாவை மூடினார். "வேற மருந்து இப்ப வேண்டாம்."

அன்று மாலை மாடிப்படியில் பழைய பருத்திச் சட்டைகள் ஒரு கட்டு இருந்தது. துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப் போனவை, கறைபட்டாலும் போகட்டும் என்று ஒதுக்கியவை. வைத்தவள் நாத்தனார். குழந்தையின் தோல் மெல்ல ஆறிவருகிறது. கடைக்கு இறங்கும் மாடிப்படிக் கதவு மட்டும் இன்னும் சாத்தித்தான் இருக்கிறது.

மருமகள் மருத்துவரிடம் நாத்தனாரைக் காட்டிக் கொடுத்தாள் என்று தெருவில் ஒரு பேச்சு. அது தவறு. அவள் அங்கே சொன்னது 'போடறேன் டாக்டர்' என்பது மட்டுமே.