கம்பி நார்

"பிளாஸ்டிக்கு காந்தத்துல ஒட்டுமாடீ, அம்ரீன்?"

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று மோகனப்பிரியா அக்கா கேட்ட கேள்வி இது. சிதம்பரத்தில் அவள் ஆராய்ச்சி செய்த ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான்கள் கழுவுவது என் வேலை. பதினொன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஒட்டாது என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஒட்ட வெக்கிறேன் பாரு. என் பிஎச்டியே அதான்."

அவள் செய்தது ஒரு பாலிமர் பொடி. அமிலத்தில் இருந்தால் கரும்பச்சை, மின்சாரம் போகும். அமோனியாவில் கழுவினால் நீலம், மின்சாரம் போகாது. உள்ளே எலக்ட்ரான்கள் இருக்கும் விதம்தான் மாறுகிறது என்பாள். அவற்றையெல்லாம் ஒரே பக்கம் திருப்பி நிறுத்திவிட்டால் இரும்பே இல்லாத காந்தம் கிடைக்குமாம். அதற்காக நாலு வருஷமாகக் கிள்ளையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்.

"எங்கப்பா கேக்குறாரு, நாலு வருசமா வலை போட்டும் ஒரு பொடி மீனுகூட மாட்டலியான்னு" என்று சிரிப்பாள்.

அந்தப் பச்சைக் கறை அப்பினால் லேசில் போகாது. பொடி அரைக்கும் பீங்கான் கல்வத்தை, வீட்டில் பிரியாணிச் சட்டி தேய்க்கும் கம்பி நாரைக் கொண்டுவந்து தேய்த்தேன். பளிச்சென்று ஆனது.

"ஜாஸ்தி வெளுக்காதடீ, கண்ணு கூசுது" என்றாள் அக்கா. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தினமும் அப்படியே தேய்த்தேன்.

அடுத்த வாரம் பொடி காந்தத்தை நோக்கித் துள்ளியது. அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பாவுக்குப் போன் போட்டு, "மாட்டிடுச்சுப்பா!" என்று கத்தினாள்.

பேராசிரியர் மட்டும், "எங்கியாவது இரும்பு கலந்திருக்குமோ?" என்று இழுத்தார்.

"ஸ்பூன்கூட பிளாஸ்டிக்குதான் சார். அம்ரீன் கழுவுறா, ஒரு தூசி இருக்காது."

இரண்டு மாதம் கழித்துக் கட்டுரை ஆய்விதழுக்குப் போய்விட்டது. ஒரு திங்கட்கிழமை துறையில் எல்லோர் முன்பும் அவள் அதைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு முந்தைய புதன்கிழமை, கழுவிய கல்வத்துக்கு மேலே விளையாட்டாகக் காந்தத்தைக் காட்டினேன். சொரசொரப்பான அடியிலிருந்து முடிபோல மெல்லிய கம்பித் துணுக்குகள் எழுந்து நின்றன.

யா அல்லாஹ்.

எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. நோட்டில் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்து இரண்டு நாள் பைக்குள் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை கம்பி நாரையும் தாளையும் அவள் மேசையில் வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றேன்.

படித்தாள். நாரைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதாலயா தேச்ச?"

"ஆமாக்கா."

"எத்தினி நாளா?"

"மூணு மாசமா."

பிரிக்காத பெட்டியிலிருந்து புதுக் கல்வத்தை எடுத்தாள். குப்பியில் அரைக்காமல் மிச்சமிருந்த பாலிமரை அதில் போட்டு அவளே அரைத்தாள். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனாள். இன்னும் கிட்டே. பச்சைப் பொடி அப்படியே கிடந்தது.

மேசைமேல் போன் அடித்தது. திரையில் 'அப்பா'. அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, திட்டிடுக்கா" என்றேன்.

காந்தத்தை என் உள்ளங்கையில் வைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், படியிறங்கிக் கிள்ளை பஸ் நிற்கும் பக்கமாக நடந்துபோனாள்.